பெயர் சொல்லி வரைந்த முகங்கள்

ஓவியத்தைப் பற்றி ஆண்டுக்கொரு முறையாவது ஊர்கூடிப் பேச வேண்டும் என்று எண்ணி, அதற்கென ஒரு நிதியை ஒதுக்கி வைத்த பெரியவர்களின் நினைவை வணங்கித் தொடங்குகிறேன்.

உருவப்படம் வரையக் கற்றுக்கொடுத்தே என் வாழ்நாளின் பெரும்பகுதி கழிந்தது. வகுப்பின் முதல் நாளில் நான் ஒரு வழக்கம் வைத்திருந்தேன். எதிரே உட்கார்ந்திருப்பவரின் பெயரைக் கேட்டுத் தாளின் ஓரத்தில் எழுதிய பிறகுதான் முதல் கோடு போட வேண்டும். 'ஒரு கிழவர்', 'ஒரு மீனவப் பெண்' என்று தலைப்பிட்டு வரும் படத்தை வாங்கிக்கொள்ள மாட்டேன். பெயரைக் கேட்டுவிட்டால் கை தானாகவே கவனம் கொள்ளும். இந்தப் பாடத்தை நான் ஒருவருடைய படங்களைப் பார்த்துப் பார்த்துக் கற்றேன். அவர் ஜார்ஜ் கேட்லின். அமெரிக்க எல்லைப்புறத்தின் ஓவியர் என்று வரலாறு குறிப்பிடும் மனிதர்.

எல்லைப்புறம் என்ற சொல்லைச் சற்று யோசித்துப் பார்க்க வேண்டும். கிழக்குக் கரையில் குடியேறிய வெள்ளையருக்கு மிசௌரி ஆற்றங்கரை எல்லைப்புறம். அங்கே தலைமுறை தலைமுறையாகச் சோளம் விதைத்து, மண்வீடு கட்டி, காட்டெருமை வேட்டையாடி வாழ்ந்த மாண்டன் மக்களுக்கோ அதுதான் உலகின் நடு. கேட்லினின் வாழ்க்கை இந்த இரண்டு பார்வைகளுக்கும் இடையில் நடந்தது. அவருடைய பெருமையும் பிழையும் அங்கேதான் இருக்கின்றன.

சட்டப் புத்தகத்திலிருந்து தூரிகைக்கு

கேட்லின் 1796 ஜூலை 26 அன்று பென்சில்வேனியாவில் வில்க்ஸ்-பேரி என்ற ஊரில் பிறந்தார். தந்தை வழக்கறிஞர். தாய் பாலி சட்டன், 1778-இல் வயோமிங் பள்ளத்தாக்கில் நடந்த போரின்போது சிறுமியாகப் பழங்குடிப் படையிடம் பிடிபட்டு, தீங்கின்றி விடுவிக்கப்பட்டவர். அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்த பிள்ளைக்குக் காட்டுக்கு அப்பால் இருக்கும் மனிதர்கள் பேய்களாகத் தெரியவில்லை. அவர்கள் முகமுள்ள மனிதர்களாகவே தெரிந்தார்கள்.

தந்தையின் விருப்பப்படி கனெக்டிகட்டின் லிச்ஃபீல்டில் சட்டம் படித்தார். சிறிது காலம் வழக்காடினார். 1820-களின் தொடக்கத்தில் அதை விட்டுவிட்டுப் பிலடெல்பியாவுக்குப் போனார். ஓவியப் பள்ளியில் முறையாகப் படித்தவர் அல்லர். தந்தத் தகடுகளில் சின்னஞ்சிறு உருவப்படங்கள் வரைந்து பிழைத்தார். பிறகு நியூயார்க் ஆளுநர் டிவிட் கிளின்டன் போன்ற பெரிய மனிதர்களை வரையும் வாய்ப்பு வந்தது. 1828-இல் கிளாரா கிரெகரியை மணந்தார். வசதியாக வாழ அதுவே போதுமானது.

ஆனால் மேற்கிலிருந்து தலைநகருக்குப் போகும் வழியில் ஒரு பழங்குடித் தூதுக்குழு பிலடெல்பியாவில் தங்கியபோது அவர்களைக் கேட்லின் பார்த்துவிட்டார். அவர்களுடைய நடையும் உடையும் மௌனமும் அவரை உலுக்கின. இந்த மக்களின் வரலாற்றைப் படங்களாகப் பதிவு செய்வதே தன் வாழ்நாள் வேலை என்று அப்போதே உறுதி கொண்டதாகப் பின்னாளில் எழுதினார். காலம் அவரை விரட்டியது. மிசிசிப்பிக்குக் கிழக்கே வாழ்ந்த பழங்குடியினரை மேற்கே அகற்றுவதற்கான சட்டம் 1830-இல் நிறைவேறியது. அதே ஆண்டில் கேட்லின் செயின்ட் லூயிஸ் நகருக்குப் போய்ச் சேர்ந்தார். லூயிஸ்–கிளார்க் பயணத்தால் புகழ்பெற்ற வில்லியம் கிளார்க் அங்கே பழங்குடி விவகாரங்களைக் கவனித்துக்கொண்டிருந்தார். அவருடைய ஆதரவு கேட்லினுக்குக் கிடைத்தது.

ஆற்றின் எதிர்நீச்சலில்

1832 மார்ச் மாதம் 'யெல்லோ ஸ்டோன்' என்ற நீராவிப் படகில் கேட்லின் ஏறினார். மென்மயிர்த் தோல் வாங்கி விற்கும் அமெரிக்கன் ஃபர் நிறுவனத்தின் படகு அது. மிசௌரி ஆற்றின் போக்குக்கு எதிராக ஏறத்தாழ 2,000 மைல். மணல்திட்டுகளில் தட்டி நின்று, விறகுக்காகக் கரை ஒதுங்கி, மூன்று மாதம் போல ஊர்ந்து யூனியன் கோட்டையை அடைந்தது. பிளாக்ஃபுட், குரோ, அசினிபாய்ன், கிரீ மக்கள் அங்கே வணிகத்துக்காக வந்து கூடாரம் அடித்திருந்தார்கள். ஊருக்குத் திரும்பியபோது படகு இல்லை. இரண்டு வேட்டைக்காரர்களோடு ஒரு சிறு தோணியில் துடுப்புப் போட்டுக்கொண்டே ஆற்றோடு இறங்கி வந்தார்.

அந்த ஒரே கோடையில் அவர் நூற்றுக்கு மேற்பட்ட படங்களை வரைந்தார். அந்த வேகத்தைப் படங்களிலேயே காணலாம். வண்ணத்தை நீர்க்கக் கரைத்து மெல்லிதாகப் பூசுவார். முகத்தை நின்று நிதானித்து முடிப்பார். தோளும் கையும் உடையும் சில கோடுகளில் நிற்கும். உலர்ந்ததும் துணியைச் சுருட்டிக் கட்டிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போவார். உடற்கூற்றில் அவர் பலவீனமானவர். கைகள் சில படங்களில் பொருந்தாமல் தொங்கும். ஆனால் முகத்தில் அவர் பொய் சொன்னதே இல்லை. ஸ்டு-மிக்-ஓ-சக்ஸ் என்ற பிளாக்ஃபுட் தலைவரின் படத்தைப் பாருங்கள். எருமைக்காளையின் முதுகுக் கொழுப்பு என்பது அந்தப் பெயரின் பொருள். கையில் நீண்ட சுங்கான், முள்ளம்பன்றி முள்ளால் தைத்த சட்டை, யாரிடமும் எதையும் கேட்க வேண்டிய தேவையில்லாத ஒரு பார்வை. பின்னாளில் 1846-ஆம் ஆண்டு பாரிஸ் கண்காட்சியில் இந்தப் படம் தொங்கியபோது, கவிஞர் போதலேர் அதன் வண்ணத்தைக் கண்டு வியந்து எழுதினார்.

நிலத்தையும் அவர் வரைந்தார். பச்சை மேடுகள் அலையலையாக விரியும் சிறு படங்கள். இரவில் எரியும் புல்வெளி. பனியில் காட்டெருமையைத் துரத்தும் வேட்டைக்காரர்கள். அந்தக் காட்டெருமைகளைப் பற்றி அவர் எழுதிய ஒரு செய்தியை நான் மறக்க முடியவில்லை. பியர் கோட்டை அருகே சூ மக்களின் குதிரைவீரர்கள் ஒரே நாளில் பெருமந்தையொன்றை வேட்டையாடி, 1,400 நாக்குகளை மட்டும் அறுத்துக் கொண்டுவந்து கொடுத்தார்கள். அதற்கு விலையாகக் கிடைத்தது சில காலன் விஸ்கி. இறைச்சியும் தோலும் புல்வெளியில் கிடந்தன. சாராயம் விற்றவர்களின் மேல்தான் கேட்லின் கோபப்பட்டார். அடுத்த ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளில் அந்தப் பெருமந்தைகள் இல்லாமல் போயின.

நான்கு கரடிகள்

அந்தப் பயணத்தின் உச்சம் மாண்டன் மக்களின் ஊர். அங்கே மாட்டோ-டோப்பே என்ற வீரரைச் சந்தித்தார். நான்கு கரடிகள் என்று பொருள். படத்துக்கு நிற்கச் சம்மதித்த நான்கு கரடிகள், அன்று முற்பகல் முழுவதும் தன்னை அலங்கரித்துக்கொண்டதாகவும், பிறகு பொழுது சாயும்வரை அசையாமல் நின்றதாகவும் கேட்லின் எழுதியிருக்கிறார். படம் வரைந்தால் உயிரின் ஒரு பகுதி போய்விடுமோ, படத்தில் விழித்தே இருக்கும் கண் செத்த பிறகும் தூங்க விடாதோ என்று ஊரார் அஞ்சியிருந்த நேரம் அது. அந்த அச்சத்தையும் தாண்டி வந்து நின்றார்.

இங்கே ஒரு செய்தியை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். நான்கு கரடிகளும் ஓவியர்தான். தன் போர்ச் செயல்களைக் காட்டெருமைத் தோலில் படங்களாகத் தீட்டி அணிந்துகொண்டவர். கேட்லின் போன மறு ஆண்டு, ஜெர்மன் இளவரசர் மேக்ஸிமிலியனோடு சுவிஸ் ஓவியர் கார்ல் போட்மர் அந்த ஊருக்கு வந்து குளிர்காலம் முழுவதும் தங்கினார். அவர்கள் கொண்டுவந்த தாளிலும் நீர்வண்ணத்திலும் நான்கு கரடிகள் வரைந்து பழகினார். ஆகவே அன்று மண்வீட்டில் நடந்தது இரண்டு ஓவியர்களின் சந்திப்பு. ஒருவர் தன் வாழ்வைத் தானே தோலில் எழுதியவர். மற்றவர் அவரைத் துணியில் எழுத வந்தவர். உடையிலும் ஆயுதத்திலும் எதைக் காட்டுவது, எதை விடுவது என்று முடிவெடுத்தவர் கேட்லின். இடுப்பில் செருகியிருந்த சில பொருள்கள் உருவத்தின் எழிலைக் கெடுக்கும் என்று விட்டுவிட்டதாக அவரே ஒப்புக்கொள்கிறார். வரைபவரின் கையில் எவ்வளவு அதிகாரம் இருக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

மாண்டன் மக்களின் ஓகீபா என்ற சடங்கை நேரில் பார்க்கவும் வரையவும் கேட்லினுக்கு அனுமதி கிடைத்தது. இளைஞர்கள் தங்கள் தசையைத் துளைத்துக் கட்டித் தொங்கும் கடும் நோன்பு அது. நகரத்தில் பலர் நம்ப மறுத்தார்கள். பொய் என்று எழுதினார்கள். கூட இருந்து பார்த்த வணிகர்களிடம் கேட்லின் அப்போதே சான்றொப்பம் வாங்கி வைத்திருந்தார். பல ஆண்டுகள் கழித்து, முதுமையில் இருந்த மேக்ஸிமிலியனும் அவருக்கு ஆதரவாகக் கடிதம் கொடுத்தார்.

1837 கோடையில் இன்னொரு நீராவிப் படகு மிசௌரியில் ஏறி வந்தது. அதில் பெரியம்மை இருந்தது. ஆயிரத்து அறுநூறுக்குக் குறையாமல் வாழ்ந்த மாண்டன் மக்களில், சில மாதங்களில் எஞ்சியவர்கள் நூற்றைம்பதுக்கும் குறைவு என்பது பரவலான கணக்கு. நான்கு கரடிகளும் அந்த ஜூலை 30 அன்று இறந்தார். ஐந்தாண்டுக்கு முன் கேட்லின் வரைந்த மாண்டன் முகங்களில் பெரும்பாலானவை அதோடு படத்தில் மட்டுமே எஞ்சின.

பாதி முகமும் இரட்டை முகமும்

படம் வரைவது ஆபத்தில்லாத வேலை என்று நினைப்பவர்களுக்குக் கேட்லின் சொல்லும் இரண்டு கதைகள் உண்டு.

முதலாவது கதை, சூ மக்களில் ஹங்க்பாபா பிரிவைச் சேர்ந்த சின்னக் கரடி என்பவருடையது. கேட்லின் அவரைப் பக்கவாட்டில், ஒரு கன்னம் மட்டும் தெரியும்படி வரைந்தார். பார்த்துக்கொண்டிருந்த இன்னொருவர், பாதி முகம் உள்ளவன் பாதி மனிதன்தானே என்று ஏளனம் செய்தார். வாய்ச்சண்டை முற்றித் துப்பாக்கிச் சண்டையானது. சின்னக் கரடி சுடப்பட்டு இறந்தார். குண்டு சிதைத்தது படத்தில் இல்லாத அந்தப் பாதி முகத்தைத்தான் என்று கேட்லின் எழுதுகிறார். அந்த ஊரை விட்டு அவசரமாகக் கிளம்ப வேண்டியதாயிற்று. நமக்குப் பக்கவாட்டு முகம் ஓர் ஓவிய மரபு. வேறொரு மக்களுக்கு அது மனிதனை அறுத்துப் பாதியை எறிவது. பார்வை எல்லா இடத்திலும் ஒன்றல்ல.

இரண்டாவது, அசினிபாய்ன் வீரர் வி-ஜூன்-ஜான். வாஷிங்டன் போகும் வழியில் அவரை அவருடைய சொந்த உடையில் கேட்லின் வரைந்தார். 1832-இல் அதே 'யெல்லோ ஸ்டோன்' படகில் அவர் ஊர் திரும்பியபோது, படைத்தளபதியின் சீருடை, உயரக் குதிகால் பூட்ஸ், தொப்பி, குடை, விசிறி, சட்டைப் பையில் விஸ்கிப் புட்டி. தலைநகரில் பார்த்ததையெல்லாம் சொன்னார். சொன்னவை உண்மைதான். ஆனால் ஊரார் நம்பவில்லை. பொய்யன், சூனியக்காரன் என்றே முடிவு கட்டினார்கள். கடைசியில் சொந்த மக்களின் கையாலேயே கொல்லப்பட்டார். பின்னாளில் கேட்லின் ஒரே துணியில் இரண்டு உருவங்களாக அவரை வரைந்தார். போகும்போது நிமிர்ந்த வி-ஜூன்-ஜான். வரும்போது முதுகு காட்டி நடக்கும் வி-ஜூன்-ஜான். ஒரு நாகரிகம் இன்னொன்றை என்ன செய்கிறது என்று நூல் எழுதலாம். கேட்லின் அதை ஒரு துணியில் சொல்லிவிட்டார்.

சிவந்த கல்லும் சிறைக்கோட்டையும்

1834-இல் படைப்பிரிவு ஒன்றோடு தெற்கே கோமான்சி நாட்டுக்குப் போனார். காய்ச்சலில் வீரர்கள் பலர் மடிந்தார்கள்; கேட்லினும் படுத்தார். தேறியதும் 'சார்லி' என்ற குதிரையில் தனியாகவே செயின்ட் லூயிஸ்வரை வந்தார். 1836-இல் இன்றைய மினசோட்டாவில் உள்ள சுங்கான் கல் சுரங்கத்தைத் தேடிப் போனார். சடங்குச் சுங்கான்களைச் செதுக்கும் சிவந்த கல் கிடைக்கும் புனித இடம் அது. வெள்ளையர் வரக்கூடாது என்று டகோட்டா மக்கள் வழிமறித்துச் சொல்லியும் போனார். கல்லின் துண்டு ஒன்றைப் பாஸ்டனில் ஒரு வேதியியலாளரிடம் கொடுத்தார். அவர் அதற்குக் 'கேட்லினைட்' என்று பெயர் வைத்தார். ஒவ்வொரு மனிதரின் பெயரையும் கேட்டு எழுதியவரின் பெயர், காலங்காலமாகப் பெயரோடிருந்த ஒரு கல்லின் மேல் ஏறியது. அவரை நேசிப்பவர்களும் இதைச் சொல்லத்தான் வேண்டும். இன்று அந்தச் சுரங்கம் தேசிய நினைவிடம். பழங்குடியினர் மட்டுமே அங்கே கல் வெட்டலாம்.

1838 ஜனவரியில் தென் கரோலினாவின் மோல்ட்ரி கோட்டைக்குப் போனார். ஃப்ளோரிடாவில் அமெரிக்கப் படையை எதிர்த்துப் போரிட்ட செமினோல் தலைவர் ஒசியோலா அங்கே சிறையில் இருந்தார். சமாதானக் கொடியின் கீழ் பேச வந்தவரைப் பிடித்து அடைத்திருந்தார்கள். கேட்லின் வரைந்து முடித்த சில நாட்களில், ஜனவரி 30 அன்று, ஒசியோலா இறந்தார். அந்தப் படத்தில் தோல்வி இல்லை. நோயின் சாயலும், ஏமாற்றப்பட்டதை அறிந்த ஒருவரின் அமைதியும் இருக்கின்றன.

படங்களின் அலைச்சல்

1837-இல் நியூயார்க்கில் தம் படங்களைக் காட்சிக்கு வைத்தார். ஐந்நூறுக்கும் மேற்பட்ட ஓவியங்களும் உடை, ஆயுதம், கூடாரம் போன்ற பொருள்களும் சேர்ந்த அந்தத் தொகுப்பை அரசு வாங்கிக் காக்க வேண்டும் என்று மன்றாடினார். மேலவையில் டேனியல் வெப்ஸ்டர் பரிந்து பேசினார். ஆனால் தீர்மானம் ஒருபோதும் நிறைவேறவில்லை.

1839-இல் எட்டு டன் சுமையோடு இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். லண்டன் பிக்கடில்லியின் எகிப்தியன் ஹாலில் கூட்டம் அலைமோதியது. 1841-இல் முந்நூறுக்கு மேற்பட்ட செதுக்குப் படங்களோடு அவருடைய பயண நூல் இரண்டு பாகங்களாக வந்தது. கூட்டம் குறையத் தொடங்கியதும் ஓஜிப்வே, அயோவா மக்களை மேடையேற்றி ஆடச் செய்தார். விக்டோரியா அரசியும் பிரெஞ்சு மன்னர் லூயி பிலிப்பும் பார்த்தார்கள். வந்தவர்களில் சிலர் அந்நிய மண்ணிலேயே நோயுற்று இறந்தார்கள். இதை அவருடைய வாழ்வின் கறையென்றே நான் கருதுகிறேன். முகத்தை மதித்தவர், அந்த முகத்துக்குரியவர்களைக் காட்சிப்பொருளாக்கிய காலம் அது.

அவருக்கும் இழப்புகள் வந்தன. 1845-இல் பாரிஸில் கிளாரா இறந்தார். மறு ஆண்டு ஒரே மகனும் போனான். 1852-இல் கடன்காரர்கள் நெருக்கினார்கள், சிறை சென்றார். மகள்களை மனைவியின் குடும்பத்தார் அமெரிக்காவுக்கு அழைத்துச் சென்றார்கள். பிலடெல்பியாவின் ரயில் என்ஜின் உற்பத்தியாளர் ஜோசப் ஹாரிசன் முக்கியக் கடன்களை அடைத்துப் படங்களை எடுத்துக்கொண்டு போனார். அவை ஒரு கொதிகலன் தொழிற்சாலையில் சுருட்டி வைக்கப்பட்டன.

வாழ்நாள் உழைப்பு கைவிட்டுப் போன பிறகும் அவர் ஓயவில்லை. பிரசெல்ஸில் ஓர் அறையில் தனியே உட்கார்ந்து, பழைய கோட்டுருவங்களையும் நினைவையும் வைத்து நூற்றுக்கணக்கான படங்களை மறுபடி வரைந்தார். அப்போது அவருக்கு வயது அறுபதைத் தாண்டியிருந்தது. 1870-இல் நாடு திரும்பினார். ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் செயலர் ஜோசப் ஹென்றி அழைத்து, அங்கேயே கோபுரத்தில் ஓர் அறை கொடுத்தார். 1872 டிசம்பர் 23 அன்று ஜெர்சி சிட்டியில் கேட்லின் காலமானார். படங்களின் கதி என்னவாகும் என்பதே அவருடைய கடைசிக் கவலை என்று சொல்லப்படுகிறது.

படங்கள் பிழைத்தன. பிழைத்த விதத்தைக் கேளுங்கள். 1865-இல் ஸ்மித்சோனியன் கட்டடத்தில் தீப்பிடித்தது. அங்கே காட்சியில் இருந்த ஜான் மிக்ஸ் ஸ்டான்லி, சார்லஸ் பேர்ட் கிங் ஆகியோரின் பழங்குடி உருவப்படங்களில் பெரும்பகுதி சாம்பலானது. அரசு அன்றே வாங்கியிருந்தால் கேட்லினின் படங்களும் அங்கே எரிந்திருக்கலாம். 1879-இல் ஹாரிசனின் மனைவி அவற்றை ஸ்மித்சோனியனுக்கு வழங்கினார். இன்று ஸ்மித்சோனியன் அமெரிக்கக் கலை அருங்காட்சியகத்தில் அவற்றில் பெரும்பாலானவை இருக்கின்றன.

கேட்லினை எப்படி நினைவுகூர்வது?

1832 பயணத்தின்போதே கேட்லின் ஒரு யோசனையை எழுதினார். இந்தப் புல்வெளியை மக்களோடும் விலங்குகளோடும் சேர்த்து நாட்டின் பூங்காவாகக் காக்க வேண்டும் என்பது அது. அவர் இறந்த அதே 1872-இல் உலகின் முதல் தேசியப் பூங்காவாக யெல்லோஸ்டோன் அறிவிக்கப்பட்டது. ஆனால் அங்கே வாழ்ந்த ஷோஷோனி மக்கள் பின்னர் வெளியேற்றப்பட்டார்கள். அவருடைய யோசனையில் பாதியை எடுத்துக்கொண்டு பாதியைக் கைவிட்டார்கள். எனினும், மனிதர்களையும் விலங்குகளைப் போல வேலிக்குள் வைத்துப் பார்க்கலாம் என்ற எண்ணம் அவருக்கே இருந்தது என்பதையும் மறைக்கக் கூடாது.

கேட்லினின் பெரும்பிழை ஒன்று உண்டு. இந்த மக்கள் அழிந்தே தீருவார்கள், தாம் கடைசி முகங்களை வரைகிறோம் என்று நம்பினார். பெரியம்மைக்குப் பிறகு மாண்டன் இனமே அற்றுப்போனதாக எழுதினார். அப்படி நடக்கவில்லை. எஞ்சியவர்கள் ஹிடாட்சா, அரிக்காரா மக்களோடு சேர்ந்து வாழ்ந்தார்கள். இன்று வடக்கு டகோட்டாவின் பெர்த்தோல்ட் கோட்டைப் பகுதியில் மூன்று மக்களும் ஒரே அரசாக இருக்கிறார்கள். அவர்களுடைய மண்ணில் மிசௌரி நீரின் மேல் ஒரு பாலம் நிற்கிறது. அதன் பெயர் 'நான்கு கரடிகள்'.

அதே மண்ணில் 2016-இல் எட்வின் பென்சன் என்ற முதியவர் மறைந்தார். மாண்டன் மொழியைத் தாய்மொழியாகச் சரளமாகப் பேசிய கடைசி மனிதர் என்று அறியப்பட்டவர். அவருடைய குரலைப் பதிவு செய்து வைத்து, இன்றைய பிள்ளைகள் அந்த மொழியைக் கற்கிறார்கள். கேட்லினும் தம் நூலின் பின்னிணைப்பில் மாண்டன் சொற்களைத் தொகுத்தார். ஆனால் அவர்கள் வேல்ஸ் நாட்டிலிருந்து வந்தவர்கள் என்ற தவறான கொள்கையை நிறுவுவதற்காகவே அந்தப் பட்டியலைப் பயன்படுத்தினார். முகத்தை அப்படியே பார்த்த கண், மொழியைத் தன் கொள்கையின் வழியாகப் பார்த்தது.

மாணவர்களே, உங்களுக்காகத்தான் இவ்வளவும் சொன்னேன். சிவகாசியில் அச்சான காமிக்ஸ் புத்தகங்களில் சிறகுத் தலையணி அணிந்த செவ்விந்தியரைப் பார்த்து நம்மில் பலர் வளர்ந்தோம். அந்த உருவத்தை உலகெங்கும் பரப்பியதில் கேட்லினின் படங்களுக்கும் போட்மரின் படங்களுக்கும் பெரும் பங்கு உண்டு. காமிக்ஸில் அந்தச் செவ்விந்தியர் பெயரில்லாத ஒருவர். கேட்லினின் துணியில் அவருக்குப் பெயர் உண்டு, ஊர் உண்டு, அன்று காலை முழுவதும் அவர் தன்னை அலங்கரித்துக்கொண்ட கதை உண்டு. படி எடுத்தவர்கள் சிறகை எடுத்துக்கொண்டு பெயரை விட்டுவிட்டார்கள்.

நீங்கள் பெயரோடு வரையுங்கள். வரைந்த பிறகு அந்த மனிதர் உங்கள் படத்துக்கு வெளியே வாழ்ந்துகொண்டிருக்கிறார் என்பதை மறவாதீர்கள். உங்கள் படத்தைப் பார்க்க அவருடைய பேரப்பிள்ளைகள் ஒருநாள் வருவார்கள். அவர்கள் எதிரே நின்று, இதை நான்தான் வரைந்தேன் என்று சொல்ல முடிகிற படமாக அது இருக்கட்டும்.